31 ஓட்டுப் போட்ட ஒரே ஆள்: கம்பெனி ‘நபர்’ என்றால் வாக்காளரும் ஆகிவிடுமா?

2018-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் நெவார்க் என்று ஒரு ஊர். (நியூ ஜெர்சியில் இருக்கும் பெரிய நெவார்க் இல்லை. இது பல்கலைக்கழக ஊர். உள்ளூர்க்காரர்கள் ‘நியூ ஆர்க்’ என்று பிரித்துச் சொல்வார்கள்.) சில பணிகளுக்காகக் கடன் வாங்கலாமா என்று நகராட்சி வாக்கெடுப்பு நடத்தியது. வாடகைக் கட்டடங்களை நிர்வகிக்கும் ஒருவர் அதில் 31 முறை ஓட்டுப் போட்டார்.

கள்ள ஓட்டு இல்லை. அவர் பொறுப்பில் 31 நிறுவனங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் பெயரிலும் ஊருக்குள் ஒரு சொத்து. சொத்து வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இப்படிப்பட்ட வாக்கெடுப்பில் ஒரு ஓட்டு உண்டு என்று ஊரின் விதி சொன்னது. அவர் விதிப்படி நடந்தார், அவ்வளவுதான். விஷயம் வெளியே வந்து சிரிப்பாய்ச் சிரித்த பிறகு விதியை மாற்றினார்கள்.

இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் ஏறக்குறைய ஒரே பதில் வருகிறது: “அமெரிக்காவில் கம்பெனியும் ஒரு மனுஷன்தானாமே. அப்புறம் ஓட்டும் இருக்கத்தானே செய்யும்?”

அந்த ‘அப்புறம்’ என்ற சொல்லில்தான் சிக்கல். கம்பெனி சட்டத்தின் கண்ணில் ஒரு ‘நபர்’ என்பது உண்மை. சில ஊர்களில் கம்பெனிக்கு ஓட்டு உண்டு என்பதும் உண்மை. ஆனால் முதலாவதிலிருந்து இரண்டாவது பிறக்கவில்லை. இரண்டும் வேறு வேறு வேரிலிருந்து வளர்ந்தவை. அதைப் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

சாமி பெயரில் பட்டா

‘கம்பெனி ஒரு நபர்’ என்றதும் அமெரிக்கர்களுக்கு வரும் அதிர்ச்சி நமக்கு வர வேண்டியதில்லை. நம் ஊர்க் கோயில் நிலத்தின் பட்டாவைப் பார்த்தால் போதும். நிலம் அர்ச்சகர் பெயரிலும் இருக்காது, தர்மகர்த்தா பெயரிலும் இருக்காது. சுவாமி பெயரிலேயே இருக்கும். குத்தகை பாக்கி வந்தால் சுவாமி பெயரில் வழக்குப் போடலாம். சுவாமி மேல் வழக்கு வந்தால் நிர்வாகி போய் நிற்பார். இதைப் பார்த்து, கருவறையில் இருப்பவர் எழுந்து வந்து கையெழுத்துப் போட்டார் என்று யாரும் நினைப்பதில்லை. தர்மகர்த்தா மாறலாம், இறக்கலாம்; சொத்து யாருடையது என்ற கேள்விக்கு மாறாத ஒரு பெயர் தேவை. அதற்கான ஏற்பாடு இது.

இப்படி, ரத்தமும் சதையும் இல்லாவிட்டாலும் சொத்து வைத்திருக்க, ஒப்பந்தம் போட, வழக்குத் தொடுக்க, வழக்கை எதிர்கொள்ளச் சட்டம் அனுமதிக்கும் ஒன்றுக்குச் ‘சட்ட நபர்’ என்று பெயர். உங்களையும் என்னையும் போன்றவர்கள் ‘இயற்கை நபர்’. இந்து தெய்வ விக்கிரகம் சட்ட நபர் என்பதை அன்றைய இந்திய வழக்குகளுக்குக் கடைசி நீதிமன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1925-லேயே ஒரு வங்காள வழக்கில் ஏற்றுக்கொண்டது. 1969-ல் இந்திய உச்ச நீதிமன்றம், தெய்வத்துக்கு வருமானம் வந்தால் வருமான வரியும் உண்டு என்று சொல்லிவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த வழக்கு பத்தூர் நடராஜர் வழக்கு. பழைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், சிதைந்து கிடந்த ஒரு கோயிலின் இடத்தில் 1976-ல் மண்ணுக்கடியிலிருந்து நடராஜர் கிடைத்தார். கைமாறிக் கைமாறி லண்டன் போனார். கனடாவைச் சேர்ந்த ஒரு எண்ணெய் நிறுவனம் அவரை விலைக்கு வாங்கியது. லண்டன் போலீஸ் சிலையைக் கைப்பற்ற, வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு பக்கம் கம்பெனி. மறுபக்கம், பூஜையே நின்றுபோன பத்தூர்க் கோயில். இடிந்த கோயில் ஒன்று இங்கிலாந்து நீதிமன்றத்தில் உரிமை கேட்டு நிற்க முடியுமா என்பது கேள்விகளில் ஒன்று. முடியும் என்று 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கோயில் ஜெயித்தது, நடராஜர் ஊர் திரும்பினார். யோசித்துப் பாருங்கள்: அந்த வழக்கில் சிலை எனக்கு, உனக்கு என்று மோதிக்கொண்ட இருவருமே இயற்கை நபர்கள் இல்லை.

இனி, அந்தக் கோயில் இருக்கும் ஊரின் வாக்காளர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். சுவாமி பெயர் அதில் இருக்காது. பட்டா உண்டு, வழக்கு உண்டு, வரி கூட உண்டு, ஓட்டு மட்டும் இல்லை. அது நமக்கு ஒரு முரண்பாடாகவே தோன்றுவதில்லை.

செருப்புக்காரரும் அவருடைய கம்பெனியும்

கம்பெனியும் அதே வகைதான். சட்டம் படிப்பவர்கள் முதல் வாரத்திலேயே கேள்விப்படும் கதை ஒன்று உண்டு. லண்டனில் ஆரோன் சாலமன் என்று ஒருவர், தோல் பூட்ஸ் செய்து விற்பவர். 1892-ல் தன் தொழிலை ஒரு கம்பெனியாக மாற்றினார். பங்குதாரர்கள் ஏழு பேர்: அவர், மனைவி, ஐந்து பிள்ளைகள். குடும்பத்தில் மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. மீதி 20,000-க்கு மேற்பட்ட பங்குகள் அவரிடம். கூடவே, கம்பெனி தனக்கு 10,000 பவுண்டு தர வேண்டும் என்று ஈட்டுக் கடன் பத்திரமும் (கம்பெனி நொடித்தால், கடன் கொடுத்த மற்றவர்களுக்கு முன் பணம் பெறும் உரிமை தருவது) எழுதி வாங்கிக்கொண்டார். சீக்கிரமே கம்பெனி நொடித்தது. சரக்குக் கொடுத்தவர்கள் கொதித்துப்போனார்கள்: “கம்பெனியாவது ஒன்றாவது, எல்லாம் சாலமன்தானே! அவரே அவருக்குக் கடன்காரரா?”

அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை இதை ஏற்கவில்லை. பதிவு முறையாக நடந்திருந்தால் கம்பெனி வேறு, சாலமன் வேறு என்று தீர்ப்பளித்தது. சட்ட ஏடுகளில் 1897-ஆம் ஆண்டுத் தீர்ப்பாகப் பதிவான இது, இந்தியா உட்பட ஆங்கிலேயச் சட்டம் பரவிய எல்லா நாடுகளிலும் கம்பெனிச் சட்டத்தின் அஸ்திவாரம். நம் கடைத்தெருவில் ஒரு ‘பிரைவேட் லிமிடெட்’ கடனில் மூழ்கினால் முதலாளியின் சொந்த வீட்டைப் பொதுவாகத் தொட முடியாமல் போவதற்கும் காரணம் இதுதான்.

ஆக, நபர் என்ற பட்டம் ஒரு வேலைக்காகக் கொடுக்கப்பட்டது. பல பேர் பணம் போட்டு நடத்தும் தொழிலுக்கு ஒரே பெயரில் சொத்து, ஒரே பெயரில் கடன், ஒரே பெயரில் வழக்கு. கம்பெனி கல்யாணம் செய்துகொள்ள முடியாது, ஜெயிலுக்குப் போக முடியாது. பட்டத்தோடு என்னென்ன உரிமைகள் வரும் என்பதை ஒவ்வொரு சட்டமும் தனித்தனியாகத்தான் முடிவு செய்கிறது.

இதைச் சோதித்துப் பார்த்த ஒரு கலிபோர்னியாக்காரர் இருக்கிறார். அங்கே காரில் இரண்டு பேராவது இருந்தால்தான் போகக்கூடிய தனித் தடங்கள் உண்டு. இவர் தனியாக ஓட்டிப் போனார். 2012-ல் போலீஸ் நிறுத்தியது. பக்கத்து இருக்கையில் இருந்த தன் கம்பெனிப் பதிவுக் காகிதங்களை எடுத்துக் காட்டி, “இதோ இரண்டாவது நபர்” என்றார். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை, அபராதம் விழுந்தது. அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியை நபர் என்பது எவ்வளவு அபத்தம் என்று காட்டத்தான் அப்படிச் செய்தார். எனக்கென்னவோ அவர் நிரூபித்தது வேறொன்று: ‘நபர்’ என்ற ஒரே சொல், சொத்துச் சட்டத்தில் ஒரு பொருளும் சாலை விதியில் வேறு பொருளும் தருகிறது; அதில் யாருக்கும் குழப்பமும் இல்லை.

இதுவரை: சட்ட நபர் என்பது சொத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் வழக்குக்குமான ஒரு வசதி. ஓட்டு அந்தப் பொட்டலத்தோடு சேர்ந்து வருவதில்லை.

அமெரிக்காவில் பேசப்படும் அந்தத் தீர்ப்பு

கம்பெனிக்கு ஓட்டு என்ற பேச்சு வந்தால் 2010-ஆம் ஆண்டின் ‘சிட்டிசன்ஸ் யுனைடெட்’ தீர்ப்பு கூடவே வந்துவிடும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது இது: வேட்பாளரோடு கலந்துகொள்ளாமல், தன் சொந்தப் பணத்தில் தேர்தல் பிரசாரம் செய்யக் கம்பெனிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் தடை போடக் கூடாது, அது பேச்சுரிமைக்கு எதிரானது. இதன் விளைவு பெரிது, வாதமும் இன்னும் ஓயவில்லை. ஆனால் அது பணம் செலவழிப்பது பற்றியது. மத்தியத் தேர்தலில் வேட்பாளர் கையில் கம்பெனி நேரடியாகப் பணம் கொடுக்க 1907 முதல் இருக்கும் தடை அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் நிற்கிறது. கம்பெனியின் கையில் அது வாக்குச் சீட்டைக் கொடுக்கவில்லை. நெவார்க்கின் 31 ஓட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

பிறகு எங்கிருந்து வந்தது?

பிளாட் அசோசியேஷன் தேர்தல்

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். 40 வீடுகள். வருஷத்துக்கு ஒருமுறை சங்கக் கூட்டம், செயலாளர் தேர்தல். பொதுவாக ஓட்டு வீட்டுக்கு ஒன்று. மூன்று வீடு வைத்திருப்பவர் மூன்று ஓட்டுப் போடுவார். அவர் துபாயில் இருந்தாலும் சரி. ஒரு வீடு ஏதாவது கம்பெனியின் விருந்தினர் இல்லமாக இருந்தால் கம்பெனி சார்பில் ஒருவர் கடிதத்தோடு வந்து போடுவார். அதே சமயம், பத்து வருஷமாக வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பத்துக்கு ஓட்டு இருக்காது. மோட்டார் ரிப்பேரானால் தண்ணீர் இல்லாமல் தவிப்பது அவர்கள்தான், ஆனாலும் இல்லை. மராமத்துக்குப் பணம் கொடுப்பது உரிமையாளர், அதனால் சொல்லும் அவருக்கே என்பது அங்கே நியாயம்.

இப்போது அந்தக் குடியிருப்பு இருக்கும் வார்டுக்குக் கவுன்சிலர் தேர்தல் வருகிறது. கணக்கு தலைகீழாகிவிடும். வாடகைக்காரர், அவர் மனைவி, 18 வயது தாண்டிய மகள் என்று மூன்று ஓட்டு. மூன்று வீட்டுக்காரர் துபாயிலிருந்து வந்து இங்கே குடியேறி, பட்டியலில் பேர் சேர்த்தால் ஒரு ஓட்டு. கம்பெனிக்கு ஒன்றுமில்லை.

ஒரே கட்டடம், ஒரே ஆட்கள், இரண்டு விதமான தேர்தல். முதலாவதில் சொத்துக்கு ஓட்டு; இரண்டாவதில் ஆளுக்கு ஓட்டு. ஒரு நகரம் பெரிய அசோசியேஷனா, அல்லது மக்கள் வாழும் ஊரா? கம்பெனிக்கு ஓட்டு உண்டா இல்லையா என்ற சண்டை முழுவதும் உண்மையில் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான். கம்பெனி ‘நபர்’ என்பது இதில் துணைப் பாத்திரம்: சொத்துக்கு ஓட்டு என்று முடிவாகிவிட்டால், சொத்து கம்பெனி பெயரில் இருப்பதால் ஓட்டும் கம்பெனி பெயருக்கு வந்து சேர்கிறது.

ஆளுக்கு ஓட்டு என்பது நமக்குப் பழகிவிட்டதால் என்றைக்கும் அப்படித்தான் இருந்தது போலத் தோன்றும். அப்படி இல்லை. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னை மாகாண சட்டசபையில் சாதாரணத் தொகுதிகளிலேயே சொத்தோ வரியோ இருந்தவருக்குத்தான் பெரும்பாலும் ஓட்டு. அதற்கு மேல் நிலக்கிழார்களுக்கு, பல்கலைக்கழகத்துக்கு, வர்த்தக அமைப்புகளுக்கு என்று தனித் தொகுதிகள். இலங்கையில் 1931-லும், இந்தியாவில் சுதந்திரத்துக்குப் பிறகும்தான் வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு வந்தது. பிரிட்டனிலேயே கடையோ அலுவலகமோ வைத்திருந்தவருக்கு நாடாளுமன்றத் தேர்தலில் கூடுதல் ஓட்டு 1948 வரைக்கும் இருந்தது. உள்ளாட்சித் தேர்தலில் 1969 வரை.

ஒரே ஒரு இடத்தைத் தவிர.

லண்டனுக்குள் ஒரு லண்டன்

அந்த இடம் ‘சிட்டி ஆஃப் லண்டன்’. இன்றைய பெரிய லண்டனின் நடுவில், ஏறக்குறைய ஒரு சதுர மைல். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வழக்கறிஞர் அலுவலகங்களும் நெருக்கியடித்து நிற்கும் பகுதி. 2021 கணக்கெடுப்பின்படி அங்கே குடியிருப்பவர்கள் சுமார் 8,600 பேர். தினமும் வேலைக்கு வருபவர்கள் 6 லட்சத்துக்கும் மேல். குடியிருப்பவருக்கு மட்டும் ஓட்டு என்றால், ஒரு சிறு டவுன் அளவு ஆட்கள் உலகத்தின் பெரிய நிதிச் சந்தை ஒன்றின் தெருக்களை ஆள்வார்கள். இந்த வாதத்தைச் சொல்லித்தான் 1969-ல் மற்ற எல்லா இடத்திலும் ஒழிந்த வணிக ஓட்டு இங்கே மட்டும் தப்பித்தது.

அப்போதும் தனி வியாபாரிகளுக்கும் கூட்டாளிகளாகத் தொழில் செய்பவர்களுக்கும்தான் அந்த ஓட்டு. 2002-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு தனிச் சட்டம் அதைக் கம்பெனிகளுக்கும் மற்ற அமைப்புகளுக்கும் விரித்தது. முறை இப்படி: நிறுவனம் தன் ஊழியர்களிலிருந்து வாக்காளர்களை நியமிக்கும். 9 பேர் வரை வேலை செய்தால் 1 வாக்காளர். 50 பேர் வரை, ஐந்து பேருக்கு ஒருவர். 50-க்கு மேல் போனால் 10 வாக்காளர்கள், பிறகு கூடுதலான ஒவ்வொரு 50 பேருக்கும் ஒருவர். 3,500 பேர் வேலை செய்யும் வங்கி என்றால் 79 வாக்காளர்கள். பெரிய நிறுவனத்துக்குத் தலைக் கணக்கில் குறைவாகவே கிடைக்கும். அது வேண்டுமென்றே வைத்த கணக்கு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: ஓட்டுச் சீட்டில் குத்துவது கம்பெனி இல்லை, நியமிக்கப்பட்ட மனிதர். வாக்கு ரகசியம். முதலாளி சொன்ன ஆளுக்குத்தான் போட வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. நியமிக்கப்படுபவர் காமன்வெல்த் நாட்டுக் குடிமகனாக இருந்தாலும் செல்லும் என்பதால், சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ போய் அங்கே ஒரு வங்கியில் உட்கார்ந்திருக்கும் பொறியாளருக்கும் அந்த ஓட்டுக் கிடைக்கலாம்.

ஆனால் யாரை நியமிப்பது என்பது நிர்வாகத்தின் கையில். தன்னை வாக்காளராக்கியவர் யார் என்பது அந்த ஊழியருக்குத் தெரியும். மாலையில் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்க வருபவர் பெரும்பாலும் வேறொரு ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். வாக்கு ரகசியம் என்பது இந்த விஷயங்களைச் சரி செய்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. அங்குள்ள 25 வார்டுகளில் நான்கே நான்கில்தான் குடியிருப்பவர்களின் கை ஓங்கியிருக்கிறது.

சிட்னியும் மெல்பர்னும்

ஆஸ்திரேலியக் கதை சீக்கிரம் சொல்லிவிடலாம். மெல்பர்ன் மாநகராட்சிப் பகுதியில் சொத்து வைத்திருக்கும் அல்லது இடம் பிடித்திருக்கும் கம்பெனி, தன் சார்பில் இரண்டு பேரை வாக்காளராக நியமிக்கிறது. குடியிருப்பவருக்கு ஒன்று, கம்பெனிக்கு இரண்டு. சிட்னியிலும் 2014-ல் இதே போல ஒரு சட்டம் வந்தது. கொண்டுவந்தது ‘ஷூட்டர்ஸ் அண்ட் ஃபிஷர்ஸ்’ என்ற சிறு கட்சி; பெயரே சொல்வது போல வேட்டைக்காரர்கள், மீன் பிடிப்பவர்களுக்கான கட்சி. நகர மேயர் குளோவர் மூரைக் கவிழ்க்கத்தான் இந்த ஏற்பாடு என்று ஊரே பேசிக்கொண்டது. புது விதியோடு 2016-ல் தேர்தல் நடந்தது. மூரே ஜெயித்தார், 2021-லும் ஜெயித்தார். 2023-ல் மாநில அரசு அந்த இரட்டை ஓட்டை எடுத்துவிட்டது. 2024-ல் மறுபடியும் மூர்.

கம்பெனிகளுக்கு ஓட்டுக் கொடுத்தால் எல்லாக் கம்பெனியும் ஒரே பக்கம் சாயும் என்ற கணக்கு அங்கே பலிக்கவில்லை. முடிதிருத்தும் கடைக்காரரும் பன்னாட்டு வங்கியும் ஒரே மேயரை விரும்ப வேண்டும் என்று என்ன கட்டாயம்?

டெலவேர்: நபர்கள் மலிவாகக் கிடைக்கும் ஊர்

மறுபடி டெலவேருக்கு வருவோம். இந்த விவாதத்தின் கூர்மையான முனை அங்கேதான் இருக்கிறது.

டெலவேரின் மக்கள்தொகை சுமார் 10 லட்சம். அங்கே பதிவான நிறுவனங்கள் 20 லட்சத்துக்கும் மேல். கம்பெனிச் சட்டம் நிர்வாகங்களுக்கு வசதியானது, நீதிமன்றம் அதில் பழுத்தது என்பதால் அமெரிக்கா முழுவதிலிருந்தும் அங்கே வந்து பதிவு செய்கிறார்கள். வில்மிங்டன் நகரில் நார்த் ஆரஞ்சு தெருவில் 1209 என்ற கதவிலக்கம். ஒரு சாதாரணக் கட்டடம். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு அதுதான் பதிவு முகவரி. நம் ஊர் டீக்கடை முகவரியில் நாலு கம்பெனி ஓடுவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

இவற்றில் பெரும்பாலானவை ‘எல்எல்சி’ என்ற வகை. சொந்தச் சொத்துக்கு ஆபத்து வராமல், போட்ட முதலுக்கு மட்டும் பொறுப்பேற்று நடத்தும் எளிய நிறுவன அமைப்பு அது. கொஞ்சம் கட்டணம், சில படிவங்கள். அன்றைக்கே பதிவு முடிந்துவிடும். வாடகைக் கட்டடங்கள் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு எல்எல்சி தொடங்குவது சகஜம். ஒன்றில் வழக்கு வந்தால் மற்றவை தப்பும். நெவார்க்காரரின் 31 நிறுவனங்கள் ஓட்டுக்காகத் தொடங்கப்பட்டவை என்று நினைக்க வேண்டியதில்லை.

அந்த மாநிலத்தின் ஃபென்விக் ஐலண்ட், ஹென்லோபன் ஏக்கர்ஸ், டாக்ஸ்பரோ போன்ற சிற்றூர்களில் சொத்து வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு உள்ளூர்த் தேர்தலில் ஓட்டு உண்டு. முதல் இரண்டும் கடலோர ஊர்கள். கோடைக்கு மட்டும் வந்து தங்கும் பணக்காரர்களின் வீடுகள் நிறைய. வாரிசுரிமைக்காகவும் வரிக்காகவும் வீட்டை அறக்கட்டளை பெயரிலோ எல்எல்சி பெயரிலோ வைத்திருப்பார்கள். “வீடு என் பெயரில் இருந்தபோது ஓட்டு இருந்தது, எல்எல்சிக்கு மாற்றியதும் போய்விட்டதே” என்பது அவர்கள் குறை. பாருங்கள், இங்கேயும் வாதம் சொத்திலிருந்துதான் தொடங்குகிறது, கம்பெனியின் மனிதத்தன்மையிலிருந்து அல்ல.

2023-ல் அதே மாநிலத்தின் சீஃபோர்டு என்ற ஊர் இதே வழியில் போகப் பார்த்தது. சுமார் 8,000 பேர் வாழும் ஊர். கடலோரமும் இல்லை, கோடைப் பணக்காரர்களும் இல்லை. ஊருக்குள் முதலீடு செய்து வரி கட்டுபவர்களுக்கும் ஒரு சொல் வேண்டும் என்றார் மேயர். நகர மன்றம் இரண்டாகப் பிரிய, மேயரின் ஓட்டோடு 3-க்கு 2 என்று தீர்மானம் நிறைவேறியது. ஆனால் ஊரின் சாசனத்தை, அதாவது அந்த ஊராட்சி எப்படி இயங்க வேண்டும் என்ற அடிப்படை விதிகளை, மாற்ற மாநில சட்டமன்றம் ஒப்புதல் தர வேண்டும். அதற்கான மசோதா சட்டமாகவில்லை.

எதிர்த்தவர்களின் கணக்கு எளிது. இப்படிப்பட்ட சிற்றூரின் தேர்தலில் விழுவதே சில நூறு ஓட்டு. ஒரு இயற்கை வாக்காளர் உருவாக 18 வருஷம் ஆகும். ஒரு எல்எல்சி உருவாக ஒரு மதியம் போதும். சொத்தும் வேண்டும் என்பதால் இருபது லட்சம் கம்பெனியும் வந்து குவிந்துவிடாது என்பது சரிதான். ஆனால் கைவசம் இருக்கும் ஒரு மனையைப் பத்தாகப் பிரித்துப் பத்து எல்எல்சிக்கு எழுதி வைக்க யாருக்கும் தோன்றாது என்று எப்படிச் சொல்வது? விதியில் சந்து விட்டுவிட்டு நல்லெண்ணத்தை நம்பும் ஏற்பாடாகவே எனக்கு இது படுகிறது.

இதுவரை: லண்டனில் ஊழியர் எண்ணிக்கைப்படி, மெல்பர்னில் கம்பெனிக்கு இரண்டு, டெலவேர்ச் சிற்றூர்களில் சொத்துடைய நிறுவனத்துக்கு ஒன்று. மூன்றுக்கும் காரணமாகச் சொல்லப்படுவது ஒன்றே: வரி கட்டுகிறார்கள், அதனால் சொல் வேண்டும்.

மரங்களும் ஏக்கர்களும்

சட்டமன்ற உறுப்பினர்கள் மக்களுக்குத்தான் பிரதிநிதிகள், மரங்களுக்கோ ஏக்கர்களுக்கோ இல்லை என்று அமெரிக்கத் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் 1964-ல் எழுதினார். ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரே எடை என்ற கொள்கையை நிலைநாட்டிய தீர்ப்பு அது. 1968-ல் உள்ளாட்சிகளுக்கும் அதே விதி என்றது நீதிமன்றம். அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

கலிபோர்னியாவில் டுலாரி ஏரி என்று ஒரு பெரிய ஏரி இருந்தது. ஆறுகளைத் திருப்பி, ஏரியை வற்றவைத்து, படுகையில் பருத்தி பயிரிட்டார்கள். பாசனத்தை நிர்வகிக்க ஒரு நீர்த்தேக்க மாவட்ட வாரியம். தேர்தல் மூலம் அமையும் அரசு அமைப்பு. அதன் எல்லைக்குள் 1,93,000 ஏக்கர். குடியிருந்தவர்கள், 18 குழந்தைகளையும் சேர்த்து, 77 பேர். நிலத்தில் 85 சதவீதத்தை நான்கு கம்பெனிகள் பயிர் செய்தன. ஓட்டு நில உரிமையாளருக்கு மட்டும். அதுவும் நிலத்தின் மதிப்பில் 100 டாலருக்கு ஒரு ஓட்டு. பாஸ்வெல் என்ற ஒரே கம்பெனியிடம் 37,825 ஓட்டுகள். வாரியத்தில் பெரும்பான்மை பிடிக்க அது போதும்.

நில உரிமையாளர்கள் சிலரும் அங்கேயே குடியிருந்தவர்களும் வழக்குப் போட்டார்கள். 1973-ல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இந்த வாரியம் பள்ளிக்கூடமோ போலீஸோ நடத்தவில்லை. தண்ணீரை மட்டும் பார்க்கிறது. செலவு முழுவதும் நிலத்தின் மேல் விழுகிறது. ஆகவே நிலத்துக்கே ஓட்டு என்பது தவறில்லை என்றது. நம் பாஷையில் சொன்னால், இது ஊர் இல்லை, அசோசியேஷன்தான் என்றது.

மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி வில்லியம் டக்ளஸ், மக்களுக்கான அரசியல் பிரதிநிதித்துவத்தில் கம்பெனி ஓட்டுப் போடுவதே கோரமான கற்பனை என்று எழுதினார். வெறும் ஆத்திரம் இல்லை அது. 1969-ல் அங்கே வெள்ளம் வந்தபோது தண்ணீரை வேறொரு ஏரிப் படுகைக்குத் திருப்பிவிடும் யோசனை வாரியத்தில் கிடப்பில் போடப்பட்டதையும், அந்தப் படுகையில் பெரிய கம்பெனிக்கு நீண்ட காலக் குத்தகை நிலம் இருந்ததையும் அவர் எடுத்துக் காட்டினார். செலவு நிலத்தின் மேல் விழுந்திருக்கலாம். தண்ணீர் வீடுகளின் மேலும் விழும். 2023 மழைக்கு அந்த ஏரி மறுபடி நிறைந்து, வயல்களும் வீடுகளும் சாலைகளும் முழுகியதைப் படித்தபோது எனக்கு டக்ளஸ் ஞாபகம்தான் வந்தது.

நம் பக்கம்

இந்தியாவில் இந்தக் குழப்பத்துக்கு அரசியலமைப்பிலேயே பதில் இருக்கிறது, அதுவும் சொற்களைத் தேர்ந்தெடுத்த விதத்தில். சட்டத்தின் முன் சமத்துவம் தரும் 14-ஆவது பிரிவு ‘நபர்’ என்கிறது. ஆகவே கம்பெனியும் அதைக் கேட்கலாம். பேச்சு, தொழில் முதலிய சுதந்திரங்களைத் தரும் 19-ஆவது பிரிவு ‘குடிமக்கள்’ என்கிறது. கம்பெனி நபராக இருக்கலாம், குடிமகன் இல்லை என்று 1963-ல் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் யார் ஓட்டுப் போடலாம் என்று சொல்லும் 326-ஆவது பிரிவும் 18 வயது நிறைந்த குடிமக்களைத்தான் பேசுகிறது. உள்ளாட்சிக்கும் அதே வாக்காளர்கள்தான். உங்கள் வார்டில் மிக அதிகமாகச் சொத்து வரி கட்டுவது ஒரு கம்பெனியாகவே இருந்தாலும் வாக்குச்சாவடியில் அதற்கு வேலை இல்லை.

ஓட்டு இல்லாவிட்டால் பிடி இல்லை என்று அர்த்தமில்லை. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் கிழக்கம்பலம் பஞ்சாயத்தை 2015-ல் ‘ட்வென்டி 20’ என்ற அமைப்பு கைப்பற்றியது. கிடெக்ஸ் என்ற ஆடை நிறுவனத்தின் ஆதரவில் வளர்ந்த அமைப்பு அது. ஓட்டுப் போட்டது முழுக்க ஊர் மக்கள்.

இன்னொரு ஏற்பாடும் நம் அரசியலமைப்பில் இருக்கிறது. அதிகம் பேர் கவனிப்பதில்லை. நகராட்சிகள் பற்றிய 243-க்யூ பிரிவில் ஒரு விதிவிலக்கு: ஒரு தொழில் நிறுவனமே நகராட்சிச் சேவைகளைச் செய்து தரும் இடத்தை ஆளுநர் ‘தொழில் நகரியம்’ என்று அறிவிக்கலாம், அங்கே நகராட்சி அமைக்கத் தேவையில்லை. 1992-ல் உள்ளாட்சிகளுக்கு உயிர் கொடுத்த அதே 74-ஆவது திருத்தத்தில் வந்ததுதான் இதுவும். இந்த விதி பற்றிப் பேச்சு எழுந்தால் எல்லாரும் காட்டும் ஊர் ஜாம்ஷெட்பூர். நூறு வருஷத்துக்கு மேலாகத் தண்ணீரும் விளக்கும் குப்பையும் டாட்டா எஃகு ஆலையின் பொறுப்பில் இருக்கும் நகரம். அங்கே கம்பெனிக்கு ஓட்டு இல்லை. குடியிருப்பவர் மக்களவைக்கு ஓட்டுப் போடுவார், சட்டமன்றத்துக்குப் போடுவார். தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி இல்லாததால், தெருவிளக்கு எரியவில்லை என்று போய்ச் சொல்ல வார்டு கவுன்சிலர் என்று ஒருவர் அவருக்குக் கிடையாது. கம்பெனியின் புகார் எண்ணை அழைக்க வேண்டும்.